வீட்டு வலையின் முகத்துவாரம்

மட்டக்களப்பு வாவியில், நிறைமதி நாளிரவிற் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைச் செவியிற் பொருத்தினால், கரையில் நிற்பார்க்குப் புலனாகாத ஓர் இன்னொலி கேட்கும் என்பர். மேற்பரப்பின் அமைதி, உள்ளே இயக்கமில்லை என்பதற்குச் சான்றாகாது. இல்லங்களிற் பொருத்தப்பட்டுள்ள வழிச்செலுத்திக்கும் இவ்வுண்மை ஏற்புடையது.

றூட்டர் என மக்கள் வழங்கும் இக்கருவி, வாவிக்கு முகத்துவாரம் போன்றது. மாரிவெள்ளம் வடிதற்பொருட்டு மணற்றடை வெட்டப்படின், அவ்வழியே கடல்நீரும் உட்புகும். இல்லத்துக் கணினியும் கைபேசியும் இணையமென்னும் பெருங்கடலோடு கொள்வதும் கொடுப்பதும் இவ்வொரு வாயிலாலேயே. வாயில் பிறர்வசமாயின் வீட்டின் மறைபொருளும் பிறர்வசமாகும்.

இது வெறுங்கற்பனை அன்று. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், ஆக்கியோர் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த வழிச்செலுத்திகளையும் கண்காணிப்புப் படக்கருவிகளையும் பற்றிக்கொண்டது. அதற்குக் கருவியாயமைந்தவை ஏறத்தாழ 60 பொதுக் கடவுச்சொற்களே. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி, அவ்வாறு அடிமைப்பட்ட கருவிகள் ஒருங்கே தாக்க, உலகின் பெருந்தளங்கள் சில பல மணிநேரம் முடங்கின. கருவிக்குரியோர் பலர் தாம் அதற்குத் துணைநின்றமையை அறிந்திலர்.

ஐயுறுதற்குரிய குறிகள் எவை? இணைப்பு மந்தமாதல் ஒன்றே போதிய சான்றன்று. பலர் ஒருங்கே நிகழ்படம் பார்ப்பினும் அது நேரும். புறத்திலிருந்து வந்து தடுக்கப்பட்ட முயற்சிகள் பதிவேட்டிற் காணப்படின் அஞ்சற்க. அவை காவல் நடைபெறுவதையே காட்டும். வீட்டார் உறங்கும் வேளையில் உள்ளிருந்து வெளியே தரவு இடையறாது செல்லுதல், நிருவாகக் கடவுச்சொல் தானே மாறியிருத்தல், வங்கியின் முகவரியை இட்டும் வேறு பக்கம் தோன்றுதல் ஆகியனவே ஆராய்தற்குரியன.

முதற்கண், நிருவாகப் பக்கத்தில் இணைந்த கருவிகளின் பட்டியலை நோக்குக. வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்திச் சிறிது பொறுத்துப் பார்ப்பின், எதனை நிறுத்தியபோது வெளிச்செல்லும் தரவு ஓய்ந்ததோ அதனையே முதலில் ஆராய்க. யாவும் நின்றபின்னும் பட்டியலில் எஞ்சுவது அந்நியமாகலாம். ஆயின் பெயர் அறியாமை மாத்திரையாற் கள்வன் எனத் துணிதல் தவறு. அண்மைக்காலக் கைபேசிகள் தம் உண்மை முகவரியை மறைத்துப் புனைமுகவரி பூணும். இரண்டாவதாக, பெயர்களை எண்முகவரிகளாக்கும் டி.என்.எஸ். வழங்கியின் முகவரியைக் காண்க. சேவை நிறுவனம் தந்ததோ தாம் இட்டதோ அன்றி வேறாயின் அது வலிய தீக்குறி. மூன்றாவதாக, தாம் திறவாத துறைகள் திறந்துள்ளனவா என நோக்குக.

பரிகாரத்தில் வரிசைமுறை இன்றியமையாதது. மிராய் நினைவகத்தில் மட்டுமே உறைவதாதலின், கருவியை நிறுத்தி மீண்டும் இயக்க அது அழியும். கடவுச்சொல் பழையதாயின் சில நிமிடங்களிலேயே மீளவும் புகும். 2018இல் 54 நாடுகளிற் குறைந்தது 5 இலட்சம் கருவிகளைப் பற்றிய வீ.பீ.என். பில்டரின் முதற்கூறோ அவ்வாறு நிறுத்தினும் அழியவில்லை. ஆதலின், இணைப்புக்குரிய பயனர்பெயர் முதலியவற்றை முன்னரே குறித்துக்கொண்டு, புறக்கம்பியைக் கழற்றி, கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டுக. நிருவாகக் கடவுச்சொல்லையும் வைபைக் கடவுச்சொல்லையும் மாற்றிப் புறநிருவாக வசதியை மூடுக. அதன்பின்னரே கம்பியைப் பொருத்தி, கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்க. புதுப்பித்தல் நின்றுபோன பழங்கருவியை மாற்றிவிடுதலே தக்கது.

இழப்பு நேரின், 2006இல் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்பு அமைப்பிடம் முறையிடலாம். அனுமதியின்றிப் பிறர் கணினியுட் புகுதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தாற் குற்றமாகும். எனினும், சட்டம் வருவது கேடு நிகழ்ந்த பின்னரே. முன்னர்க் காப்பது வீட்டாரின் விழிப்பு. தன் வாயிலைக் காப்பவன் தன் பொருளை மட்டுமன்றி, அவ்வாயில் வழியே தாக்குண்ணவிருந்த அயலாரையும் காக்கின்றான்.