காரின் உள்ளே விழும் கீறல்: எதைச் சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது?

காரின் உட்புறப் பிளாஸ்டிக்கில் விழும் கீறல்களைச் சரிசெய்வது எப்படி என்பதே எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கீறலுக்கெல்லாம் ஒரு பேச்சா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இதில் நம் பணமும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

சித்தியவான், ஆயர் தாவார், சுங்கை வாங்கி வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறி வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய நம்மவர்களுக்கு, வீட்டுக்கு அடுத்த பெரிய சொத்து கார்தான். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் கஞ்சிலும் 2005இல் மைவியும் வந்தன. நம் குடும்பங்கள் பலவற்றில் முதல் கார் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது, லுமுட்டுக்கு வேலைக்குப் போவது, கேஸ் தோம்பு ஏற்றுவது, விடுமுறையில் தெலுக் பாத்தேக் கடற்கரைக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே கார். காலணி உரசுகிறது, இருக்கை வாரின் கொக்கி கதவில் இடிக்கிறது, சாவிக்கொத்து தேய்க்கிறது, கடற்கரை மணல் துணியோடு சேர்ந்து அராவுகிறது. கீறல் விழாமல் என்ன செய்யும்?

முதலில் கீறல் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்வோம். கதவின் உள்பலகையும் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. விறைப்புக்காக அதில் டால்க் என்னும் வெள்ளைக் கல்மாவைக் கலப்பார்கள். நிறம் மேற்பூச்சு அன்று. உள்ளே வரைக்கும் ஒரே நிறம்தான். கீறும்போது மேற்பரப்பு கிழிந்து சொரசொரப்பாகிறது, டால்க் வெளியே தெரிகிறது, ஒளி சிதறுகிறது. கறுப்புப் பலகையில் வெள்ளைக் கோடு வருவது இப்படித்தான். சாயம் போய்விட்டது என்று எண்ணிச் சாயம் தேடி ஓட வேண்டாம்.

அடுத்து, அது எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். பலகையைக் கழற்றினால் பின்புறத்தில் எழுத்து அச்சிட்டிருக்கும். 'பிபி' என்றால் பாலிபுரோப்பிலீன். 'டி20' என்று சேர்ந்திருந்தால் நூற்றுக்கு 20 பங்கு டால்க். 'ஏபிஎஸ்' என்றால் வேறு வகை. தின்னரும் அசிட்டோனும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். வீட்டில் இருக்கிறதே என்று தின்னரை ஊற்றித் துடைத்தால் கீறல் போகாது, பலகைதான் போகும்.

இப்போது சோதனை. கீறலின் மேல் ஈர விரலை வைத்துத் தடவுங்கள். வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது மேலோட்டமான கீறல். நகத்தால் வருடும்போது நகம் மாட்டிக்கொண்டால் ஆழமான கீறல். பலகைக்கு மேலே ஏதோ ஒட்டியதுபோல் தட்டுப்பட்டால் அது கீறலே அன்று. காலணியின் ரப்பர் ஒட்டிய கறை. சோப்பு நீரும் மென்மையான பிரஷும் அதற்குப் போதும்.

மேலோட்டமான கீறலுக்கு முதலில் சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிறகு ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருங்கள். பிளாஸ்டிக் லேசாக இளகும்போது கிழிந்த நுண்துகள்கள் படிந்து, வெள்ளை மங்கும். அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். தாண்டினால் அந்த இடம் பளபளவென்று தனியாகத் தெரியும். இன்னும் போனால் பலகை நெளிந்துவிடும். ஆகவே கண்ணுக்குப் படாத ஓரத்தில் முதலில் செய்து பாருங்கள். சிகரெட் லைட்டரைக் காட்டுவது வேண்டவே வேண்டாம்.

மணல்தாள் போட்டுத் தேய்க்கலாமா? தோல்போல் வரிவரியாக இருக்கும் பலகையில் தேய்த்தால் அந்த வரிகள் அழிந்து, கீறலைவிடப் பெரிய வழுவழுப்பான தழும்பு வரும். கண்ணாடிபோல் மின்னும் கறுப்புப் பலகைக்கு மட்டும் மிக நுண்ணிய பாலிஷும் மைக்ரோஃபைபர் துணியும் பலன் தரும்.

ஆழமான கீறலை நிரப்பிப் பூச வேண்டும். பாலிபுரோப்பிலீன் எந்தப் பசையையும் சாயத்தையும் எளிதில் ஏற்காது. அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்காமல் சாயம் பூசினால் சில மாதங்களில் தோல் உரியும். பட்டறையில் கொடுத்தால், "பிரைமர் அடிப்பீர்களா?" என்று கேளுங்கள். சாகா, மைவி போன்ற கார்களுக்குப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் முழுப் பலகையே கிடைக்கும். பல நேரங்களில் அதுவே மலிவு.

சிலர் தேங்காய் எண்ணெயோ கிவியோ தடவுகிறார்கள். கீறலின் பள்ளத்தில் எண்ணெய் நிரம்புவதால் கறுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். பின்பு தூசு அப்பிக்கொள்ளும். சிலிக்கோன் ஸ்பிரேயும் மறைக்குமே தவிர குணமாக்காது. அது ஸ்டீயரிங்கிலோ பிரேக் மிதியிலோ பட்டால் வழுக்கும், ஆபத்து.

இனி முக்கியமான செய்தி. 'எஸ்ஆர்எஸ்' அல்லது 'ஏர்பேக்' என்று எழுதிய எந்த மூடியையும் சூடாக்காதீர்கள், நிரப்பாதீர்கள், சாயம் பூசாதீர்கள். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி, பயணிக்கு முன்னால் உள்ள டேஷ்போர்டு, புதிய கார்களில் ஜன்னல் ஓரத் தூண்கள் ஆகியவை காற்றுப்பை இருக்கும் இடங்கள். மோதும்போது அந்த மூடி மெல்லிய கோட்டில் கிழிந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் பை விரிய வேண்டும். நீங்கள் பூசிய பூச்சு அந்தக் கோட்டை இறுக்கினால் பை தாமதமாகலாம். பூச்சு சில்லாகி முகத்தில் பாயலாம்.

காற்றுப்பை விளையாட்டுப் பொருள் அன்று என்பதை நம் நாடு கண்கூடாகப் பார்த்திருக்கிறது. ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் வாயுவை உண்டாக்கும் அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெயிலிலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகக் கலத்தையே வெடிக்கச் செய்தது. 2014 ஜூலையில் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இதனால் உயிரிழந்தார். பின்னரும் மலேசியாவில் உயிர்கள் போயின. நம் ஊரின் புழுக்கம்தான் அந்தக் கோளாறுக்கு ஏற்ற வானிலை. பழைய கார் வைத்திருப்போர் கீறலைப் பார்ப்பதற்கு முன்பு, சேசி எண்ணைக் கொடுத்து, மீட்டுக்கொள்ளும் பட்டியலில் தங்கள் கார் இருக்கிறதா என்று அந்தத் தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேளுங்கள். பட்டியலில் இருந்தால் காற்றுப்பையை இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டேஷ்போர்டு எண்ணெய் வழிய மின்னினால் மயங்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். டேஷ்போர்டின் ஓரங்களில் நெம்பிய தடம் இருந்தால், ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கள். காற்றுப்பை மூடி மட்டும் புதிதாகவும் சுற்றுப்புறம் பழையதாகவும் இருந்தால் அந்த வண்டி ஒருமுறை மோதியிருக்கக்கூடும். சாவி போட்டதும் காற்றுப்பை விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவில்லை என்றாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

நம் இளைஞர்களுக்குச் சொல்வது இதுதான். ஹீட் கன், பிரைமர், பொறுமை மூன்றும் இருந்தால் இது கற்கக்கூடிய கைத்தொழில். ஆனால் எதைச் செய்யலாம் என்பதோடு எதைத் தொடக்கூடாது என்பதையும் கற்றவனே நல்ல தொழிலாளி. கதவுப் பலகையின் கீறலை நீங்களே சரிசெய்யுங்கள். காற்றுப்பை மூடியில் கீறல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.