சத்துக் கணக்கும் சரக்குக் கணக்கும்

வாடிக்கையாளர்கள் இப்போது விலைக்கு முன்னால் சத்தைக் கேட்கிறார்கள். 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்ட பிறகு, நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டுக் குதிரைவாலிக்கும் கம்புக்கும் பாக்கெட்டில் புரதம் இத்தனை சதவீதம் என்று அச்சடிக்கச் சொல்கிறார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாக்கெட்டில் இருப்பது நம் கடைப் பெயர் அல்லவா?

பழைய கதை ஒன்று உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்த சோனோரா 64 கோதுமை நன்றாக விளைந்தது. ஆனால் மணி சிவப்பு. சப்பாத்திக்கு வடக்கே அதை விரும்பவில்லை. டெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில், நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் குழுவினர் அந்த விதையில் காமாக் கதிர் பாய்ச்சிப் பொன்னிற மணியைப் பெற்றனர். அதுதான் 1967-இல் வந்த சர்பதி சோனோரா. (இன்று சர்பதி என்று வரும் மத்தியப் பிரதேசக் கோதுமை வேறு சரக்கு.) நிறம் மாறியதை எவரும் கண்ணால் பார்க்கலாம். ஆனால் லைசினும் கூடுதல் என்று ஓர் ஆய்வுக் கணக்கு வெளிவந்தது. லைசின் என்பது புரதத்தின் ஒரு பகுதி. தானியங்களில் பொதுவாகக் குறைவு, பருப்பில் அதிகம். பிறகு மற்ற ஆய்வுக்கூடங்கள் சோதித்தபோது அந்தக் கூடுதல் நிற்கவில்லை. 1970-களில் அது பெரிய சர்ச்சையானது.

மக்காச்சோளத்தில் நடந்தது வேறு. 1964-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் இயற்கையாகவே மாற்றம் பெற்ற ஓபேக்-2 என்ற சோளத்தில் லைசின் ஏறத்தாழ இரு மடங்கு இருப்பதைக் கண்டனர். இந்தக் கணக்கு நின்றது, சரக்குதான் நிற்கவில்லை. மணி மாவு போல மெத்தென்று இருந்ததால் கிட்டங்கியில் வண்டு விழுந்தது, விளைச்சலும் குறைவு. மணியைத் திரும்பக் கெட்டியாக்கியவர்கள் நம் நாட்டு சுரிந்தர் வாசலும் மெக்சிகோவின் எவாஞ்சலினா வில்லேகாஸும்; 2000-இல் உலக உணவுப் பரிசு பெற்றார்கள். நம் பக்கத்து மக்காச்சோளத்தை வாங்கும் கோழித் தீவன ஆலைக்காரர் இன்றும் ஈரப்பதமும் பூஞ்சையும்தான் பார்க்கிறார். லைசினைத் தனியாக வாங்கிக் கலந்து கொள்கிறார்.

இனி நம் சரக்கு. ஆய்வுக்கூடத்தில் பொதுவாகப் புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். மழை பொய்த்து மணி சிறுத்துப் போனால் மாவுச்சத்து குறையும், புரதச் சதவீதம் ஏறித் தெரியும். சாவி கலந்த சரக்குக்கு நயம் சரக்கைவிட நல்ல சீட்டு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். குதிரைவாலியைப் பளிச்சென்று தீட்டினால் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் தவிட்டோடு போய்விடும். தீட்டாத அரிசிக்கு வாங்கிய சீட்டைத் தீட்டிய அரிசிப் பாக்கெட்டில் போடுவது பொய்க் கணக்கு. கம்பு மாவில் எண்ணெய்ப் பசை அதிகம், சில நாளில் காறல் வாடை வந்துவிடும். எந்தச் சீட்டும் அதைத் தடுக்காது.

நோயைக் குணமாக்கும் என்று மட்டும் அச்சடிக்க வேண்டாம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. சாம்பிள் அனுப்புவோர் ஒரே மூட்டையின் வாயில் அள்ளாமல், பல மூட்டைகளில் குத்தூசி போட்டுக் கலந்து எடுங்கள். விளைந்த ஊர், பருவம், தீட்டியதா இல்லையா என்பதையும் எழுதி அனுப்புங்கள். வரும் சீட்டு அந்த லாட்டுக்கு மட்டும்தான். அடுத்த லோடுக்கு மறுபடி சோதிக்க வேண்டும்.