நோயாளிக்குக் கறி வாங்கும்போது

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளியின் குடும்பத்தார் எம் உணவியல் பிரிவில் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கறி கொடுக்கலாமா? கொடுக்கலாமென்றால் நல்ல கறியை எங்கே வாங்குவது?” முதல் பாதிக்கு விடை எளிது. புண் ஆறவும் இழந்த தசை மீளவும் புரதம் வேண்டும். கொழுப்பு நீக்கிய ஆட்டிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உள்ளது. மருத்துவர் தடை சொல்லாதவரை கொடுக்கலாம். இரண்டாம் பாதிதான் விரிவாகப் பேசத் தக்கது.

பலர் “நாட்டு” என்ற சொல்லைத் தேடியே கடைகடையாக அலைகின்றனர். நோயாளியைப் பொறுத்தவரை அதைவிட முதன்மையான கேள்விகள் வேறு: இந்த ஆடு எங்கே, எத்தனை மணிக்கு அறுக்கப்பட்டது? அதன் பிறகு கறி எவ்வாறு வைக்கப்பட்டிருந்தது?

2018 நவம்பரில் ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த ஏறத்தாழ 2,000 கிலோ இறைச்சி எழும்பூர் ரயில் நிலையத்தில் கைப்பற்றப்பட்டது நினைவிருக்கலாம். நாய்க்கறி என்ற வதந்தி ஊரெங்கும் பரவியது. கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் அது ஆட்டிறைச்சியே என்று தெரிந்தது. எந்த விலங்கு என்ற அச்சத்தில், அக்கறி எத்தனை நாள் பயணம் செய்து வந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. வெப்பத்தில் கிடந்த கறியில் கிருமிகள் விரைந்து பெருகும். உடல்நலமுள்ளவருக்கு அது ஒருநாள் வயிற்றுப்போக்காக முடியலாம். கீமோதெரபி பெறுபவருக்கும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவருக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

திருவொற்றியூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. மாநகராட்சியின் இறைச்சிக்கூடங்களுள் பெரியது புளியந்தோப்பில் உள்ளது. வடசென்னை மக்கள் அதை ஆட்டுத்தொட்டி என்பர். இறைச்சிக்கூடத்தில் அறுப்பதற்கு முன் ஆட்டையும், அறுத்த பின் உடலையும் உள்ளுறுப்புகளையும் கால்நடை மருத்துவர் பார்வையிட்டு, தகுதியானதற்கு மை முத்திரை இடுவது முறை. காலையில் கறிக்கடையில் தொங்கும் தொடையில் அந்த முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். நெடுநாள் கடை நடத்துபவர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார். கடையின் பின்புறத்திலேயே அறுத்த ஆடு “கண்ணெதிரே அறுத்தது” என்ற நம்பிக்கையைத் தரும். ஆனால் நோய் உண்டா என்று பார்த்தவர் எவருமில்லை.

வெள்ளாடா செம்மறியா என்பதை அறிய, கடைக்காரர்கள் வாலை வெட்டாமல் விட்டுவைக்கும் வழக்கம் உண்டு. வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி நிற்கும். செம்மறியின் வால் கீழே தொங்கும். சென்னையைச் சுற்றியுள்ள மாவட்டங்களுக்கே உரிய ‘மெட்ராஸ் சிவப்பு’ என்னும் செம்மறி இனமும் நல்ல கறிதான். செம்மறி என்பதற்காக நோயாளிக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. கொழுப்பை நீக்கி வாங்கினால் போதும். புதிய கறி ஒளிர்ந்த சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழும். பிசுபிசுப்போ புளித்த வாடையோ இருந்தால் விலை குறைத்தாலும் வேண்டாம்.

கோழியைப் பற்றியும் கூற வேண்டும். பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகின்றனர் என்பது பரவலான நம்பிக்கை. ஆறு வாரத்தில் அது இரண்டு கிலோ எடையை எட்டுவதற்குத் தேர்ந்தெடுத்த இனமும் தீவனமுமே காரணம். கவலைக்குரியது ஆன்டிபயாடிக் மருந்துகளின் மிகைப் பயன்பாடு; அதனாலேயே 2019-இல் இந்திய அரசு கொலிஸ்டின் மருந்தை உணவு விலங்குகளுக்குத் தருவதைத் தடை செய்தது. நாட்டுக்கோழி என்று விற்கப்படுவதிலும் பெரும்பகுதி இன்று பண்ணையில் வளர்ந்த கலப்பினமே. உண்மையான நாட்டுக்கோழியோ வேக நேரமாகும், கறி கடினமாக இருக்கும். பல் தளர்ந்த முதியவர் கறியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் உண்டால் வாங்கிய பயனில்லை.

இதே குறை ஆட்டுக்கால் சூப்பிலும் உண்டு. எலும்பு முறிந்தவருக்கு அதை அன்புடன் காய்ச்சித் தருகின்றனர். சுவைக்கும் பசியைத் தூண்டவும் நல்லது. ஆனால் அதில் கால்சியமும் புரதமும் எண்ணுவதைவிடக் குறைவு. சூப்போடு மென்மையாக வெந்த கறியையும் கொடுங்கள். டயாலிசிஸ் செய்பவருக்கு நீரும் உப்பும் பொட்டாசியமும் அளவோடுதான், ஆதலால் உணவியல் நிபுணரைக் கேளாமல் சூப்பு வேண்டாம். இரத்தச்சோகைக்குச் சுவரொட்டியும் ஈரலும் இரும்புச்சத்து மிக்கவை. எனினும் ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாதலால் கருவுற்ற பெண்கள் அதைத் தவிர்ப்பது நன்று. யூரிக் அமிலம் மிகுந்தவர்களுக்கும் உள்ளுறுப்புகள் ஆகா.

காலடிப்பேட்டையிலோ ராயபுரத்திலோ, உங்கள் தந்தை காலத்திலிருந்து கறி வாங்கிய கடை இருந்தால் அங்கேயே செல்லுங்கள். வீட்டில் நோயாளி இருப்பதைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நெரிசலைத் தவிர்த்து, வேலைநாள் காலையில் போனால் கட்டையையும் கத்தியையும் கழுவி, ஈரலைத் தனியாகக் கட்டித் தருமாறு கேட்க இயலும். கறி வாங்கிய பின் காய்கறிக்கும் மருந்துக்கும் சுற்றாமல் நேரே வீட்டுக்குச் செல்லுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரமே மிகுதி. குழாயடியில் பிடித்துக் கழுவினால் நீர்த்துளிகளோடு கிருமியும் தெறிக்கும். பாத்திரத்தில் நீரூற்றி அலசி, அந்த நீரைக் கொட்டியபின் தொட்டியையும் கைகளையும் சோப்பால் கழுவுங்கள். எலும்பை ஒட்டிய கறியில் சிவப்பு மறையும்வரை வேகட்டும்.