கனமான பைக்கை விற்று லேசான பைக்குக்கு மாறுகிறீர்களா? சாவியைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நெடுந்தூரப் பயணத்துக்கென்று பெரிய பைக் வாங்கி ஓட்டிய தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. லடாக் போய்வந்த வண்டியை இன்று வீட்டு வாசலில் பின்னுக்கு உருட்டித் திருப்பவே மூச்சு வாங்குகிறது. பெட்ரோல் பங்கில் தரை கொஞ்சம் சரிவாக இருந்தால் இடது காலில் முழு எடையும் இறங்கி முழங்கால் நடுங்குகிறது. ஓடும்போது தெரியாத எடை, நிற்கும்போதுதான் தெரியும். பெரிய பைக்குகள் அதிகம் சாய்வதும் நின்ற இடத்தில்தான்.

கனத்தைக் குறைப்பது நல்ல முடிவு. பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். 249 கிலோ, இருக்கை தரையிலிருந்து 850 மில்லிமீட்டர் உயரம். ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ன் எடை 191 கிலோ, இருக்கை உயரம் 765. பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸ் 163 கிலோ, 737. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிவது வயதானவருக்குப் பெரிய பாதுகாப்பு. அதற்காகக் க்ரூஸர் என்றாலே லேசான வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். சூப்பர் மீட்டியார் 650-ம் க்ரூஸர்தான். எடை 241 கிலோ. இருக்கை தாழ்வாக இருப்பதால் ஷோரூமில் கனம் தெரியாது. வாங்கும் முன் அணைத்த வண்டியை நீங்களே பத்தடி பின்னுக்கு உருட்டிப் பாருங்கள்.

வண்டியைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூடப் பழைய வண்டியை ஒரே மாலையில் கைமாற்றிவிடுகிறார்கள். சட்டச் சிக்கல் முழுவதும் அந்த மாலையில்தான் தொடங்குகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். வாங்குபவர் பணத்தோடு வருகிறார், கூடவே ஒரு புரோக்கர். "பேப்பர் வேலையெல்லாம் நாங்க பார்த்துக்குறோம் சார், நீங்க சைன் மட்டும் போடுங்க" என்கிறார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் பெயர், தேதி எதுவும் நிரப்பாமல் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டு சாவி எல்லாம் போய்விடுகின்றன. பைக் புரோக்கரிடம் சில மாதம் நிற்கும், இன்னொருவருக்குப் போகும், அவரிடமிருந்து மூன்றாமவருக்குப் போகும். வெற்றுக் கையெழுத்து இருப்பதால் நடுவில் யார் பெயரும் ஏறாது. அரசுப் பதிவேட்டில் உரிமையாளர் இன்னும் நீங்கள்தான்.

அந்த மூன்றாமவர் ஒருவரை இடித்துவிட்டால் என்ன ஆகும்? 2018-ல் உச்ச நீதிமன்றம் இப்படிக் கைமாறிக்கொண்டே போன வண்டி ஒன்றின் வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. விபத்து நடந்த நாளில் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ, மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அவரே உரிமையாளர். இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது. யார் யாருக்கு விற்றார் என்று அடிபட்டவர் தேடித் திரிய வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். அடிபட்டவரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமான தீர்ப்பு. ஆனால் பெயர் மாற்றாமல் விற்றவருக்கு அதில் தப்பிக்கும் வழி இல்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் நிறுவனம் கொடுக்கும். புது ஆள் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை உங்கள் சேமிப்பிலிருந்து போக வேண்டியிருக்கும். ஓர் உயிரிழப்புக்கான இழப்பீடு பல லட்சம் ரூபாயாக இருக்கலாம்.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தில் சேர்ந்த 199ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் அவருடைய பாதுகாவலர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர். முகம் தெரியாத ஒருவர் வீட்டுப் பையன் செய்ததற்கு, முன்பு எப்போதோ வண்டியை விற்றவர் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டுமா?

எனவே வெற்றுப் படிவத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி நிரப்பிய பிறகே கையெழுத்து. சட்டத்தின் 50-வது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. வாங்கியவருக்கு 30 நாள். பலரும் இது வாங்கியவரின் வேலை என்று இருந்துவிடுகிறார்கள். விற்றவருக்கும் அது கடமை, உங்களைக் காப்பாற்றுவதும் அதுதான். அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பதிவு செய்து, கட்டணம் செலுத்திய ரசீதைக் கையில் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதே சரி. கடன் போட்டு வாங்கிய வண்டியானால் வங்கியிடமிருந்து தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் உள்ள எச்.பி. எனும் கடன் பதிவை முதலில் நீக்குங்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு டெலிவரி நோட் எழுதுங்கள். வண்டி எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், தேதி, மணி, 'இந்த நேரத்துக்குப் பிறகு நடப்பவற்றுக்கு வாங்கியவரே பொறுப்பு' என்ற வரி, இருவர் கையெழுத்து, வாங்குபவரின் ஓட்டுநர் உரிம நகல். இந்தத் தாள் அடிபட்டவருக்கு எதிராக உங்களைக் காக்காது. ஆனால் போலீஸ் விசாரணையில் அன்று வண்டி உங்களிடம் இல்லை என்று காட்டவும், வாங்கியவர் மீது நீங்கள் வழக்குப் போடவும் இதுதான் சான்று. மணியையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விற்ற அன்றே நடக்கும் விபத்தில் காலையா மாலையா என்பதே கேள்வியாகும்.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல விதி நடைமுறையில் இருக்கிறது. பழைய வாகனம் வாங்கி விற்கும் டீலர் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். நீங்கள் அவரிடம் வண்டியை ஒப்படைத்ததை படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை அடுத்தவருக்கு விற்கும்வரை பொறுப்பும் அவருடையதே. விலை பேசும் முன் "உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா, 29சி போடுவீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், ஐந்தாயிரம் அதிகம் கொடுத்தாலும் அவரிடம் விற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்சூரன்ஸில் கோட்டைவிடும் பணமும் கொஞ்சமல்ல. கிளெய்ம் எதுவும் கேட்காமல் ஓட்டிய ஆண்டுகளுக்காகச் சேரும் என்.சி.பி. தள்ளுபடி, முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம் ஆகிறது. இது வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. விற்கும்போது நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு என்.சி.பி. சான்று வாங்கினால் அது மூன்று ஆண்டு செல்லும். புது பைக்கின் சொந்தச் சேதக் காப்பீட்டில் அதே தள்ளுபடி கிடைக்கும். ஷோரூமில் யாரும் இதை நினைவூட்ட மாட்டார்கள். ஷோரூம் சொல்லும் நிறுவனத்திடம்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; விருப்பமான நிறுவனத்தில் எடுக்கலாம்.

பழைய க்ரூஸர் வாங்குகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழ். வண்டியோடு வரும் பாலிசி மூன்றாம் நபருக்கு நேரும் பாதிப்புக்குத் தானாகவே உங்கள் பெயருக்கு மாறியதாகச் சட்டம் கருதும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு அப்படியல்ல. 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியைப் பெயர் மாற்ற வேண்டும். மாற்றாமல் இருக்கும்போது வண்டி திருடு போனால் கிளெய்ம் நிராகரிக்கப்படும், நீதிமன்றமும் பெரும்பாலும் கைவிட்டுவிடும். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் பழைய உரிமையாளரோடு போய்விடும்; உங்களுக்குத் தனியாக எடுக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால் இந்தத் தொகை வீட்டாருக்குக் கிடைக்காது. நாற்பது வயதைக் கடந்தவர்கள் உரிமம் புதுப்பிக்க மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும் என்பதால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடாதீர்கள்.

பழைய வண்டியின் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் பொறித்ததோடு நீங்களே ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயவில்லை என்றாலும் ஐந்தாறு வருடம் நிழலில் நின்ற டயர் இறுகிப்போயிருக்கும், மழையில் வழுக்கும். ஹேண்டிலை முழுசாக இருபக்கமும் திருப்பி, முட்டி நிற்கும் இடத்தில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. நிலுவையில் உள்ள இ-செலான்களும் பார்க்க வேண்டியவை. புதுச்சேரிப் பதிவெண் வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும்: ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கும் வண்டியை அந்த மாநிலத்தில் பதிந்தாக வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும்.

செலவில் லேசான வண்டிக்குத் தெளிவான சாதகம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 40. ஜூன் 2022-ல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 150 சிசிக்கு மேல் 350 சிசி வரை 1,366 ரூபாய், அதைத் தாண்டினால் 2,804.

காகிதங்கள் சரியான பிறகும் ஓர் ஆபத்து இருக்கிறது. அது நம் கைகளில் ஊறிய பழக்கம். 136 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினில் பஸ்ஸை முந்த இடைவெளி கணித்துப் பழகிய கண், 20 குதிரைத்திறன் வண்டியிலும் அதே இடைவெளியைப் போதும் என்று நம்பும். எதிரே லாரி வரும்போதுதான் ஆக்ஸிலரேட்டரில் மீதமில்லை என்பது தெரியவரும். முதல் ஆயிரம் கிலோமீட்டராவது இருவழிச் சாலையில் முந்துவதைக் கூடியமட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வளைவிலும் கவனம் வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் உயரமான டூரிங் பைக்கைச் சாய்த்த அளவுக்குச் சாய்த்தால், தாழ்வான க்ரூஸரின் கால்தாங்கி தார்ச்சாலையில் கிரீச்சென்று உரசும். அந்தச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு பிரேக் பிடிப்பவர்கள்தான் விழுகிறார்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டால் சிக்கல் இல்லை. பிரேக்கையும் விசாரியுங்கள்: 125 சிசிக்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம் என்றாலும், மீட்டியாரில் இரு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ்., அவெஞ்சர் 220-ல் முன்சக்கரத்துக்கு மட்டுமே.

முதுகுவலிக்காகவே க்ரூஸருக்கு மாறுபவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு வார்த்தை. டூரிங் பைக்கில் பள்ளத்தைக் கண்டால் கால்தாங்கியில் ஊன்றி லேசாக எழுந்துகொள்ளலாம். கால்கள் முன்னால் நீண்டிருக்கும் க்ரூஸரில் அது முடியாது. குலுக்கல் நேராகத் தண்டுவடத்தின் அடிக்குப் போகும். டிஸ்க் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு, மோசமான சாலையில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பின்னால் உட்காரப்போகும் துணைவியாரையும் அழைத்துப் போங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏமாற்றப்பட்டால் வழி உண்டு. டீலர் குறையுள்ள வண்டி விற்றாலோ, சொன்னபடி பெயர் மாற்றித் தரவில்லை என்றாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. தனியாள் ஒருவரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் சட்டம் பொதுவாக உதவாது. உரிமையியல் நீதிமன்றம், மோசடியானால் காவல் நிலையம். இன்சூரன்ஸ் நிறுவனம் கிளெய்மை மறுத்தாலோ, புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் ஓர் ஆண்டுக்குள் இலவசமாக முறையிடலாம். வாங்கியவர் பெயர் மாற்றாமல் இழுத்தடித்தால் அவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அதன் நகலையும் டெலிவரி நோட்டையும் இணைத்து ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

நீங்கள் ஏற்கனவே விற்ற வண்டிகளின் எண்களை இன்றே எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் பாதி மறைத்துத்தான் காட்டும், ஆனால் உங்கள் பெயரை அடையாளம் காண அது போதும். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், நாளைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் புறப்படுங்கள்.