சத்து மாத்திரையால் தள்ளிப்போகும் மூட்டு வைத்தியம்

மூட்டு வலி என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஒரு பையோடு வருகிறார்கள். மேசையில் கவிழ்த்தால் குளுக்கோசமைன், கால்சியம், மீன் எண்ணெய், மஞ்சள் காப்ஸ்யூல், கூடவே லேபிள் இல்லாத ஒரு பொடி. "ரெண்டு வருஷமா சாப்பிடுறேன் டாக்டர், விட்டா வலி கூடிடுமோன்னு பயம்" என்பார்கள். சிலர் கையைப் பார்த்தால் விரல்கள் கோணத் தொடங்கியிருக்கும். அது தேய்மானமே அல்ல, முடக்குவாதம். முதல் சில மாதங்களிலேயே வந்திருந்தால் விரல் கோணுவதைப் பெரும்பாலும் தடுத்திருக்கலாம்.

தேய்ந்த ஜவ்வு வளருமா?

குளுக்கோசமைன் சாப்பிட்டாலும் வளராது. வலியாவது குறையுமா? 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேர் கலந்துகொண்டார்கள். குளுக்கோசமைனும், அதோடு சேர்த்து விற்கும் காண்ட்ராய்டினும் மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி வலியைக் குறைக்கவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் குளுக்கோசமைனும் எடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். இதைக் கடைக்காரர் கேட்டு விற்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை.

வாரம் ஒன்று, தினம் ஒன்றல்ல

வைட்டமின் டி குறைந்திருந்தால் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும் தருவோம். எலும்பு வலியும் தசைச் சோர்வும் இதில் குறையும். தேய்ந்த முழங்கால் சரியாகாது. சீக்கிரம் குணமாகட்டும் என்று அதையே தினமும் விழுங்குகிறார்கள்! ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பில் போய் நிற்கும்.

இயற்கைதானே என்கிறீர்களா?

குழம்பில் போடும் மஞ்சள் வேறு. மிளகுச் சத்து சேர்த்துச் செறிவூட்டிய காப்ஸ்யூல் வேறு. பின்னதால் கல்லீரல் கெட்டவர்கள் உண்டு. அதைவிட மோசம், லேபிள் இல்லாத பொடி. மூன்றே நாளில் வலி பறந்ததா? ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சர்க்கரை எகிறும், இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போகவும் கூடும். பயந்து சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொடியோடு மருத்துவரிடம் வாருங்கள், திட்டமாட்டோம்.

என்ன பரிசோதனை?

வலி தேய்மானத்தாலா, முடக்குவாதத்தாலா என்று அறிய ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்-ரே. எது வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள்

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறையும். எந்த மாத்திரையும் இதைச் செய்யாது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, சில விநாடி நிறுத்தி இறக்குங்கள். டிவி பார்க்கும்போதே செய்யலாம். தொடைத் தசை வலுத்தால் மூட்டு வலி தணியும். காலையில் எழுந்து அரை மணி நேரம் கழிந்தும் விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம்; மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். அந்த வாரமே மருத்துவரிடம் வந்துவிடுங்கள்.