பெருமழையைக் கணினி முன்கூட்டியே சொல்லுமா?

அண்மையில் ஒளியேறிய நம் மன்றத்தில், ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, 2017இல் கொட்டிய மழை மறுபடியும் வந்தால், இந்தச் செயற்கை நுண்ணறிவு முன்னதாகச் சொல்லிவிடுமா?" நிகழ்ச்சியில் நேரம் போதவில்லை. இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அந்த மழையைப் பினாங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2017 நவம்பர் 4ஆம் தேதி பிடித்த மழை மறுநாள் காலைவரை விடவில்லை. 7 உயிர்கள் பறிபோயின. மாநில அரசு நள்ளிரவுக்குப் பிறகு இராணுவத்தின் உதவியை நாட வேண்டியதாயிற்று.

வழக்கமான வானிலைக் கணிப்பு, காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை இயற்பியல் சமன்பாடுகளில் போட்டு, மாபெரும் கணினிகளில் கணக்கிடுவது. புதிய முறை வேறு. 1979 முதலான ஏறக்குறைய 40 ஆண்டு வானிலைப் பதிவுகளை இயந்திரத்துக்குக் காட்டி, 'எந்த வானத்துக்குப் பின் எந்த வானம் வந்தது' என்று அதையே கற்றுக்கொள்ளச் செய்கிறார்கள். தெலுக் பகாங் மீனவர் மேகத்தைப் பார்த்துச் சொல்வாரே, ஏறக்குறைய அதுதான்! கூகுள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட், 10 நாள் கணிப்பை ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது. ஐரோப்பிய வானிலை மையமும் 2025 முதல் இத்தகைய கணிப்பை அன்றாடப் பணியில் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் கவலையில்லையே என்கிறீர்களா? இங்கேதான் சிக்கல். கிராஃப்காஸ்ட் உலகைச் சுமார் 28 கிலோமீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது. நம் தீவின் பரப்போ சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்! பாலிக் புலாவில் வெயிலடிக்க, ஜார்ஜ்டவுனில் மழை கொட்டுவது நமக்குத் தெரியும். அந்தக் கட்டத்துக்குத் தெரியாது.

இன்னொன்று, தவறு குறைய வேண்டும் என்றே இயந்திரம் பழக்கப்படுகிறது. மழை பட்டர்வொர்த்திலா பாயான் லெப்பாசிலா என்று சந்தேகம் வந்தால், இரண்டு இடத்திலும் நடுத்தர மழை என்று சொல்லிவிடும். பேய்மழை காகிதத்தில் சாதாரண மழையாகிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் கடும் புயல்களின் பதிவுகளை நீக்கிவிட்டு ஓர் இயந்திரத்தைப் பழக்கினார்கள். 2025இல் வெளியான முடிவு: மிகக் கடும் புயல் வந்தபோது, அதை வலு குறைந்த புயலாகவே அது கணித்தது. வேறு கடலில் அத்தகைய புயலைப் பார்த்திருந்தால் மட்டும் ஓரளவு சமாளித்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் வராது என்றிருந்தபோதுதான், 2001 டிசம்பரில் வாமெய் ஜொகூரைத் தாக்கியது.

அதற்காக இம்முறையை ஒதுக்கிவிட முடியாது. ரேடார் படங்களைக் கொண்டு அடுத்த 90 நிமிட மழையை ஒரு கிலோமீட்டர் அளவில் சொல்லும் முறையை டீப்மைண்ட், பிரிட்டன் வானிலைத் துறையுடன் சேர்ந்து 2021இல் வெளியிட்டது. பட்டர்வொர்த்திலும் ரேடார் உண்டு. தாழ்வான வீட்டில் இருப்பவர்கள் காரை மேட்டுக்கு ஏற்றவும், முதியவர்களை மாடிக்கு அழைத்துச் செல்லவும் 90 நிமிடம் போதும். ஆனால் மழை வேறு, வெள்ளம் வேறு. கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் சுங்கை பினாங்கின் நீர் வெளியேறத் திணறும். ஆகவே மெட்மலேசியாவின் எச்சரிக்கை வரும் நாளில், கடல் ஏற்ற நேரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மா.