கூட வந்தவரை என்ன செய்வது?

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் எந்த அரசு மருத்துவமனையிலும் ஓ.பி. சீட்டு வரிசையைப் பாருங்கள். தனியாக வந்தவர் குறைவு. ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணோடு மாமியார் நிற்பார். லாரி ஓட்டுகிறவரோடு மச்சான் நிற்பார். காய்ச்சலுக்கே துணை தேடுகிற ஊர் இது. இங்கேதான், எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தவரிடம் அந்தச் செய்தியைத் தனி அறையில், அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும் என்கிறது ஆலோசகருக்கான விதி.

விதி சரிதான். ஆனால் அது வளர்ந்த இடம் வேறு. பரிசோதனைக்கு முன் ஒரு பேச்சு, பின் ஒரு பேச்சு என்ற முறை 1980-களில் மேற்கு நாடுகளில் உருவானது. அங்கே ஆலோசனைத் துறையில் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் செல்வாக்கு பெரிது: ஆலோசகர் யோசனை சொல்லக் கூடாது, வந்தவரே தன் முடிவைக் கண்டடைய வேண்டும் என்பது அந்த வழி. நம் ஊர்க்காரரோ, "நீங்களே சொல்லுங்க மேடம், நான் இப்ப என்ன பண்ணணும்?" என்பார். "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று பதிலுக்குக் கேட்டால், இந்தம்மாவுக்கு விஷயம் தெரியாது போல என்று எழுந்து போய்விடுவார்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரியவந்த கதையில் நம் வேலூருக்கும் பங்கு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். அங்குதான் தொற்று தெரிந்தது. ரத்தம் கொடுத்த அந்தப் பெண்களிடம் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பதற்கு அன்று இந்நாட்டில் ஒரு வழிமுறையும் கிடையாது.

1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. பிறகு அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை, பரிசோதனை மையங்கள் வந்தன. அவற்றுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்தார்கள். போர்டில் நோயின் பெயர் பெரிதாகத் தெரியாமலிருப்பதே உள்ளே நுழையப் பாதித் துணிச்சல். அந்தச் சின்ன அறைகளில்தான் புத்தகத்து முறை நம் ஊருக்குத் தகுந்தபடி மாறியது. மேடம் என்று வந்தவர் மூன்றாம் முறை அக்கா என்பார். அக்காவானபின் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க முடியாது. "மாத்திரையை விடாதே, சாப்பாட்டை விடாதே, வீட்டில் இப்போதைக்கு இதைச் சொல்" என்று உரிமையோடு சொல்லியாக வேண்டும். இதை முறை பிசகியதாக நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுவே முறையாகப் படுகிறது.

இந்த மாற்றத்தைத் துணிந்து கடைசிவரை கொண்டுபோனவர் சுனிதி சாலமன்தான். 1993-இல் ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கியவரிடம், தொற்றோடு வாழ்ந்த இளைஞர்கள் கல்யாணம் பற்றிக் கேட்டார்கள். கல்யாணம் அவசியமா என்று தத்துவம் பேசவில்லை அவர். தரகர் வேலையையே கையில் எடுத்தார். சாதி, சம்பளம், படிப்போடு, உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறிக்கும் சிடி4 அளவையும் வைத்துத் தொற்றுள்ளவர்களுக்குள் வரன் பார்த்தார். இத்தனைக்கும் அமெரிக்காவில் பயிற்சி பெற்ற மருத்துவர் அவர். சாதி பார்த்து வரன் அமைப்பது சரியா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் வந்தவரின் கவலை எதுவோ அங்கிருந்து தொடங்கினார். ஜிம்பாப்வேயிலும் இப்படி ஒன்று நடந்தது. 2006 முதல் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா அந்தந்த வட்டாரத்துப் பாட்டிமார்களுக்கு ஆலோசனை சொல்லப் பயிற்சி கொடுத்து, மருத்துவமனை வளாகத்து மரப் பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த பெஞ்சுக்கு வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏராளம்.

அதற்காக எந்த விதியையும் வளைக்கலாமா? கூடாது. கூட வந்தவர் விஷயத்தில்தான் சோதனையே. மாமியார் எதிரில் முடிவைச் சொன்னால், அன்று மாலையே மருமகள் பெட்டியோடு தாய்வீட்டுப் பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கும். கர்ப்பகாலப் பரிசோதனையில் அவளுக்கு முதலில் தெரிந்துவிட்டால், கணவனிடமிருந்து வந்த தொற்றுக்கும் பழி அவள் மேல்தான். 2017-இல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலான எச்.ஐ.வி. சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. துணைவருக்கு ஆபத்து என்றால், பல நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவரிடம் தெரிவிக்க அச்சட்டம் வழி விடுகிறது. ஆனால் பெண்ணுக்கு அடி உதையோ கைவிடப்படும் நிலையோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், அவள் கணவனிடம் மருத்துவப் பணியாளர் சொல்லவே கூடாது.

அதற்காகத் துணையையே துரத்திவிடவும் முடியாது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றிய சம்பவம் நினைவிருக்கும். ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-இலும் கொடுத்திருந்தார். அப்போதே தெரிந்த தொற்றுச் செய்தி அவரைப் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அறிந்தார். அறிந்ததும் தானே ரத்த வங்கிக்குப் போய்ச் சொன்னார். நாடே கொதித்தது. சில நாட்களில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரெல்லாம் அந்தச் செய்தியைப் பேசியபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருந்திருக்க வேண்டும். செய்தி தெரிந்த முதல் வாரம் யாரையும் தனியே விடக் கூடாத வாரம்.

ஆக, துணை வேண்டும். அந்தத் துணை யார் என்பதை வந்தவர் சொல்ல வேண்டும். நடைமுறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தொற்று உள்ளவர் வரும்போது மட்டும் துணையை வெளியே அனுப்பினால், அனுப்புவதே அறிவிப்பாகிவிடும். பரிசோதனைக்கு வருகிற எல்லாருடைய துணையையும், ரத்தம் எடுக்கும் முன்பும் பின்பும், வெளியே உட்கார வைக்க வேண்டும். உள்ளே, "உங்க வீட்டில் யாரிடம் சொன்னால் உங்களுக்குத் தெம்பு?" என்று கேட்க வேண்டும். அந்த ஆள் மாமியாராகவே இருந்தாலும் சரி, கம்பெனித் தோழியானாலும் சரி.

நம் வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடியில் பல வீடுகளில் உருது. ஆந்திர எல்லைப் பக்கம் தெலுங்கு. தமிழ் மட்டும் தெரிந்த ஆலோசகர் எதிரில் உருது மட்டும் பேசும் பெண் உட்கார்ந்தால், மொழிபெயர்க்க அழைக்கப்படுவது கூட வந்த நாத்தனார். ரகசியம் அங்கேயே முடிந்தது.

சொல்ல வேண்டிய செய்தியோ முன்னைப்போல் பயங்கரமானதல்ல. 2004 முதல் கூட்டு மருந்து இலவசம். 2017 முதல் சிடி4 எவ்வளவு என்று பார்க்காமல் உடனே சிகிச்சை தொடங்குகிறார்கள். ஒழுங்காக மாத்திரை எடுத்து வைரஸ் லோடு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது.

இந்த ஊர்கள் அடங்கிய திருப்பத்தூர் 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. புது மாவட்டம் செய்ய வேண்டியது: உருதும் தெலுங்கும் தெரிந்த ஆலோசகர்களை நியமிப்பது. தோல் கம்பெனிகள் செய்ய வேண்டியது: மருந்து வாங்கும் நாளில் காரணம் கேட்காமல் அரை நாள் விடுவது. சந்தேகம் உள்ளவர்கள் கட்டணமில்லாத 1097-க்குப் பேசலாம். பெயர் சொல்லத் தேவையில்லை.